பிள்ளை எந்நேரமும் போனும் கையுமாக இருப்பதற்கு வீட்டுச் சூழல் எவ்வளவு காரணம்?

ஒன்றரை வருடத்துக்கு முன் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால், "இந்தக் காலத்துப் பிள்ளைகளே அப்படித்தான்" என்று சொல்லியிருப்பேன். அதையும் என் போனைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருப்பேன்.

அப்போது மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு மூன்றரை. நீதான் கொடுத்துப் பழக்கிவிட்டாய் என்று நானும் மனைவியும் மாறி மாறிக் குற்றம் சொல்லிக்கொள்வோம். ஒருநாள் சண்டை முற்றி, சரி, எழுதியே பார்த்துவிடலாம் என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினோம். பிள்ளைகள் கைக்குப் போனோ டேப்லெட்டோ போகும் ஒவ்வொரு தடவையும் மூன்று விஷயம் எழுத வேண்டும்: மணி என்ன, கொடுத்தது யார், எதற்காக. ஒரு வாரம் எழுதினோம்.

வாரக் கடைசியில் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. மகன் தானாகப் போய் எடுத்தது மொத்தமே இரண்டு தடவைதான். மற்றதெல்லாம் பெரியவர்கள் கையிலிருந்து போனது. சாப்பிட வைக்க, அழுகையை நிறுத்த, எனக்கு அலுவலக அழைப்பு வந்ததால், அடுப்பு வேலை நடந்ததால். அதிலும் பாதிக்கு மேல் மாலை ஆறிலிருந்து எட்டுக்குள். வீட்டில் எல்லாருக்கும் வேலை குவிந்து, எல்லாரும் களைத்துப்போய் இருக்கும் நேரம் அது. அவன் கேட்காதபோதே கொடுத்த தடவைகளும் இருந்தன. அந்த நேரத்தில் போன் தேவைப்பட்டது அவனுக்கு அல்ல, எங்களுக்கு.

இதைச் சொன்னால் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதுபோல் ஆகிவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு வீடியோ முடியும் முன்பே அடுத்ததைத் தயாராக வைத்திருக்கும் செயலிகளை வடிவமைத்தது நாம் இல்லை. தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கும், இரண்டு வேலை பார்ப்பவருக்கும் போன்தான் கூலி கேட்காத ஆயா. ஆனால் அந்த ஆயாவை எந்த நேரத்தில் கூப்பிடுகிறோம் என்பது வீட்டுக்கு வீடு மாறுகிறது. பிள்ளையின் பழக்கம் அதைப் பொறுத்துத்தான் உருவாகிறது என்பது என் அனுபவம்.

அழுகையை நிறுத்தக் கொடுப்பதுதான் இதில் மோசமானது. மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளைச் சில மாதங்கள் தொடர்ந்து கவனித்து 2023இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சமாதானப்படுத்த அடிக்கடி போன் கொடுக்கப்பட்ட பிள்ளைகள், குறிப்பாக ஆண் பிள்ளைகள், பின்னாளில் இன்னும் சட்டென்று உணர்ச்சிவசப்படுபவர்களாக இருந்தது தெரியவந்தது. யோசித்தால் புரிகிறது. கோபம் வந்தால் அது தானாக அடங்கும் என்பதைப் பிள்ளை பழகிப் பார்க்கவே நாம் விடுவதில்லை.

இன்னொன்று, ஒரே வீட்டில் நாலு சட்டம். என் பெற்றோரும் எங்களுடன்தான் இருக்கிறார்கள். நான் கூடாது என்பேன், மனைவி பத்து நிமிடம் என்பாள், அப்பா தலையை ஆட்டுவார், அம்மா "பாவம், குழந்தை கேட்குது" என்று கொடுத்துவிடுவார். எப்போதாவது மட்டும், அதுவும் எப்போது என்று தெரியாமல், பரிசு கிடைக்கும் பழக்கம் லேசில் விடாது என்று ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்தே காட்டியிருக்கிறார். பத்துத் தடவை அழுது ஒரு தடவை கிடைத்தால் போதும், பதினோராவது தடவையும் அழுவான். கண்டிப்பான வீட்டையும் தாராளமான வீட்டையும் விட, நாளுக்கு ஒரு மாதிரி இருக்கும் வீட்டில்தான் நச்சரிப்பு அதிகம்.

அம்மாவிடம் இதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். பேசியிருக்கக் கூடாது. பதில் சொல்லாமல் இருந்துவிட்டு, இரவு மனைவியிடம் சொன்னாராம்: "எனக்கு முட்டி வலி. அவன் பின்னாடி ஓட முடியாது. போன் இருந்தாத்தான் என் பக்கத்துல உட்கார்றான்." நாங்கள் எழுதிய தாளில் "கொடுத்தது: பாட்டி, காரணம்: கேட்டான்" என்றுதான் இருந்தது. உண்மையான காரணத்தை எழுத அதில் இடமே இல்லை. அதன் பிறகு போனைப் பிடுங்குவதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, ஓடாமல் இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்ன செய்யலாம் என்று யோசித்தோம். பெரிதாக ஒன்றுமில்லை, பொத்தான் டப்பா. அம்மாவின் பழைய தையல் பெட்டியில் கிடந்த பொத்தான்களை நிறம் வாரியாகப் பிரிப்பது, நூலில் கோப்பது, மறுபடி கொட்டுவது. பாட்டி கதையும் சொல்வதால் முக்கால் மணி நேரம் ஓடிவிடுகிறது. (வாயில் போடும் வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் பொத்தான் வேண்டாம்.)

அப்புறம் நம்முடைய போன். ஒருநாள் மகன் ஒரு மரக்கட்டையை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். என்ன விளையாட்டு என்று கேட்டேன். "அப்பா விளையாட்டு" என்றான். அக்கா கூப்பிட்டால் நிமிராமலே "ஒரு நிமிஷம்" என்று சொல்ல வேண்டும், அதுதான் விளையாட்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாஸ்டன் நகர உணவகங்களில் சின்னப் பிள்ளைகளோடு சாப்பிட வந்த 55 பேரைக் கவனித்து 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களில் 40 பேர் சாப்பாட்டு நேரத்தில் போனைப் பயன்படுத்தினார்கள். 2017இல் வந்த இன்னோர் ஆய்வில், இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தாய் இரண்டு புதுச் சொற்களைக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒரு சொல்லைக் கற்றுத்தரும்போது மட்டும் நடுவில் போன் அழைப்பு வரும். பிள்ளைகள் கற்றுக்கொண்டது குறுக்கீடு இல்லாத சொல்லைத்தான். நடுவில் அறுந்துபோகும் பேச்சு பிள்ளைக்குச் சேர்வதில்லை.

ஓடிக்கொண்டே இருக்கும் டிவியும் இதே கணக்கில் வரும். "அவன் பார்க்கவே இல்லையே, செய்திதானே ஓடுது" என்பார் அப்பா. ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைகள் விளையாடும் அறையில் பெரியவர்களுக்கான நிகழ்ச்சி ஒன்றை ஓடவிட்டுப் பார்த்த ஆய்வு 2008இல் வந்தது. அவர்கள் டிவியை அவ்வப்போது சில நொடிகள் எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனாலும் ஒரு விளையாட்டில் நிலைத்திருந்த நேரம் குறைந்துபோனது. அப்பா இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் இப்போது ஹெட்போன் போட்டுக்கொள்கிறார்.

இரண்டாவது பிள்ளை இருக்கும் வீடுகளில் வயது வரம்பெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார அமைப்பு 2019இல் சொன்னது. மூத்தவளுக்குக் கிட்டத்தட்ட இந்த அளவோடு நிறுத்திக்கொண்டோம். இளையவன் அக்கா மடியில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் பார்த்துவிட்டான்.

நாங்கள் மாற்றியது பெரும்பாலும் அந்த ஆறு மணி முதல் எட்டு மணி வரையிலான நேரத்தைத்தான். அலுவலக அழைப்புகளில் தள்ளிவைக்க முடிந்தவற்றைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு வைத்துக்கொண்டேன். குளியலை அந்த நேரத்துக்குக் கொண்டுவந்தோம், தண்ணீரில் இறங்கினால் அரை மணி நேரம் கவலையில்லை. தானாக அடுத்த வீடியோ ஓடும் வசதியை அணைத்தோம். எல்லாருடைய போனும் இரவில் கூடத்தில்தான் சார்ஜ் ஆகும், படுக்கையறைக்கு வராது. சாப்பாட்டு நேரத்தில் போனை நிறுத்திய முதல் நாலு நாள் நரகம். மகன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான், பயந்துபோய் மருத்துவரிடம் கேட்டோம். பசித்தால் சாப்பிடுவான் என்றார். சாப்பிட்டான்.

ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலோ, ஊருக்குப் போய் வந்தாலோ எல்லாம் பழையபடி ஆகிவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது, இப்போதும்.

நீங்களும் தாள் ஒட்டிப் பார்ப்பதாக இருந்தால், முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். திருத்திக்கொண்டே எழுதினால் பொய்க்கணக்குதான் வரும். பெரியவர்களுக்கும் ஒரு கட்டம் விடுங்கள். நாங்கள் விடவில்லை. மகளே ஓரத்தில் கோடு போட்டு "அப்பா, 9.40, சும்மா" என்று எழுதி வைத்திருந்தாள்.