எஸ்எஸ்டி மாற்றிக் கொடுத்த கடை ‘ட்ரிம்’ பற்றிச் சொல்லவே இல்லை: வழக்குப் போடலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் செய்து தருகிறேன். என்னிடம் இருப்பது 2012 மாடல் மேக்புக் ப்ரோ. புதுச்சேரியில் ஒரு கடையில் 1 டிபி எஸ்எஸ்டி (தகவலைச் சேமித்து வைக்கும் டிரைவ்) வாங்கி, அங்கேயே மாட்டிக்கொண்டேன். கூலியோடு 7,400 ரூபாய், ஜிபேயில் கொடுத்தேன். ஆறேழு மாதம் நன்றாக ஓடியது. இப்போது 14 மாதம் ஆகிறது. ஒரு ஆல்பத்தை சேவ் செய்யவே ஐந்து நிமிடம் பிடிக்கிறது. தெரிந்த தம்பி ஒருவன் பார்த்துவிட்டு, “ட்ரிம் ஆன் ஆகவே இல்லக்கா, ஒரு கமாண்ட் போட்டா சரியாயிடும்” என்றான். கடையில் கேட்டால், “அது சாப்ட்வேர் விஷயம், எங்க பொறுப்பு இல்ல. வேற யாரும் குறை சொன்னதில்ல” என்கிறார்கள். அவர்கள் தந்த துண்டுச் சீட்டில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று முத்திரை இருக்கிறது. புதுச்சேரிக்கு அலைய என்னால் முடியாது. என்ன வழி?
– வாசகி, கடலூர்

பதில்: முதலில் ஒன்று. அந்தக் கமாண்டை இன்றைக்கே போட்டுவிடாதீர்கள். போட்டுவிட்டால் உங்கள் முக்கியமான சாட்சியம் மறைந்துவிடும்.

என்ன நடந்திருக்கிறது என்பதைப் பார்ப்போம். நீங்கள் ஒரு படத்தை அழிக்கும்போது, ‘இந்த இடம் காலி’ என்று கம்ப்யூட்டர் தன் கணக்கில்தான் எழுதிக்கொள்கிறது. எஸ்எஸ்டிக்கு அது தெரியாது. குடித்தனக்காரர் வீட்டைக் காலி செய்துவிட்டு, உரிமையாளரிடம் சொல்லாமலும் சாவியைக் கொடுக்காமலும் போனால் எப்படி இருக்கும்? அந்த நிலைதான் இது. வேண்டாத தகவலையும் எஸ்எஸ்டி பத்திரமாக இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கும். எழுதும் வேகம் குறையும், தேய்மானமும் கூடும். ‘காலி’ என்று அதற்குச் சொல்லி அனுப்பும் ஏற்பாடுதான் ட்ரிம். 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல் அது தானாகவே நடக்கிறது. ஆப்பிளோ, உங்கள் லேப்டாப் போன்றவற்றில் தான் பொருத்திய டிரைவுக்கு மட்டுமே தானாக ட்ரிம் கொடுத்தது. வெளியில் வாங்கிப் போடுவதற்கு, 2015இல் வந்த மேக் இயங்குதளத்தின் யோசமிட்டி 10.10.4 பதிப்பு முதல் ‘ட்ரிம்ஃபோர்ஸ்’ என்ற கமாண்டை நாமே கொடுக்க வேண்டும். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை வராது. ‘வேற யாரும் குறை சொன்னதில்ல’ என்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ஆகவே எஸ்எஸ்டி கெட்டுப்போனது என்று வழக்குப் போட்டால் தோற்றுப் போவீர்கள். அது நல்ல பொருளாகவே இருக்கலாம். உங்கள் வழக்கு சேவைக் குறைபாடு. மேக்கில் மாட்டித் தருகிறேன் என்று கூலி வாங்கியவர் வேலையைப் பாதியில் விட்டிருக்கிறார், அதைச் சொல்லவும் இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11) பிரிவில், தேவையான தகவலை நுகர்வோரிடம் வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடுதான்.

கடைக்காரர் தரப்பில் ஒரு நல்ல வாதம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கமாண்டைக் கொடுத்ததும் திரையில் ஒரு எச்சரிக்கை வரும்: இந்த டிரைவுகள் ட்ரிமோடு சோதிக்கப்படாதவையாக இருக்கலாம், தகவல் இழப்பு நேரலாம், சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு ஆப்பிள் பொறுப்பேற்காது என்று. “வாடிக்கையாளர் சம்மதம் இல்லாமல் நான் எப்படி ‘ஒய்’ (ஆம்) தட்டுவது?” என்று அவர் கேட்பார். சரியான கேள்வி. ஆனால் சம்மதம் கேட்டிருக்க வேண்டியவரும் அவர்தானே? கடைக்கு அனுப்பப்போகும் நோட்டீஸில் இந்த ஒரு வரியை அழுத்தமாக எழுதுங்கள்.

கடையில் என்ன கேட்டீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ‘என் மேக்குக்கு ஏற்ற எஸ்எஸ்டி கொடுங்கள்’ என்று கேட்டிருந்தால், 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவும் (சொன்ன தேவைக்குப் பொருள் ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது) உங்களுக்குக் கைகொடுக்கும். நீங்களே ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தால் அந்தப் பிரிவை விட்டுவிடுங்கள். அதன் விதிவிலக்கு கடைக்காரருக்குச் சாதகம். பேசிய வாட்ஸ்அப் இருந்தால் அழிக்காதீர்கள்.

அந்த முத்திரைக்குப் பயப்பட வேண்டாம். செய்த வேலையில் உள்ள குறையை ரப்பர் ஸ்டாம்ப் மூடிவிடாது. முறையான பில் தராததே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. பில் இல்லாவிட்டாலும், ஜிபே பதிவும் துண்டுச் சீட்டும் சேர்ந்து விற்பனையைக் காட்டும். ‘வியாபாரத்துக்கு வாங்கியவர், நுகர்வோரே அல்ல’ என்றும் வாதாடுவார்கள். பிழைப்புக்காகச் சுயதொழிலில் தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று 2(7) பிரிவின் விளக்கமே சொல்கிறது. வீட்டிலிருந்து நீங்களே செய்யும் வேலை இது என்பதை மனுவில் எழுதுங்கள்.

அலைச்சல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய 1986ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் இருந்திருந்தால் புதுச்சேரிக்குத்தான் போயிருக்க வேண்டும். இப்போது 34ஆம் பிரிவின்படி, நீங்கள் குடியிருக்கும் கடலூரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கெடு, வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. மாட்டிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தாலும் 10 மாதம் கையில் இருக்கிறது.

சாட்சியத்துக்கு வருவோம். உங்கள் மேக்கின் சிஸ்டம் ரிப்போர்ட்டில் ‘சாட்டா’ (SATA) என்ற பகுதியைத் திறந்தால், டிரைவின் பெயருக்குக் கீழே ‘ட்ரிம் சப்போர்ட்: நோ’ என்று இருக்கும். தேதி தெரியும்படி அதைப் படமெடுங்கள். ஒரு ஆல்பம் சேவ் ஆகும் நேரத்தையும் செல்போனில் வீடியோ எடுங்கள். பிறகு கடைக்கு 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். சில கடைகள் அதிலேயே இறங்கி வந்துவிடும்.

அந்த 15 நாள் கெடு முடிந்ததும் கமாண்டைப் போடுங்கள். வேகம் திரும்பினால், கூலியும் நியாயமான இழப்பீடும் கேளுங்கள். லட்சக்கணக்கில் கேட்டு மனுவைப் பலவீனமாக்க வேண்டாம். ஆர்டர் கைவிட்டுப் போயிருந்தால் அந்த வாடிக்கையாளரின் மெசேஜைக் காட்ட வேண்டும். ட்ரிம் ஆன் ஆன பிறகும் மெதுவாகவே இருந்தால், டிரைவிலேயே குறை இருக்கலாம் என்று பொருள். அப்போது பொருளுக்கான பணத்தையும் கேட்டு, 38(2) பிரிவின் கீழ் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி மனுவிலேயே வேண்டலாம்.

கமாண்டைப் போடுவதற்கு முன் எல்லா ஆல்பங்களையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். தவறி அழித்த படம் ஏதாவது இருந்து, அதை மீட்கும் எண்ணம் இருந்தால் முதலில் அந்த வேலையை முடித்துவிடுங்கள். ட்ரிம் ஓடிவிட்டால் அழித்ததை மீட்பது ஏறக்குறைய முடியாது.