ஹைட்ராலிக் போனபின் இன்ஜினை மட்டும் வைத்து விமானத்தை இறக்க முடியுமா?

கேள்வி: காட்பாடியில் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறேன். பிராஜெக்டுக்காக சிமுலேட்டரில், இறக்கைக்குக் கீழே இரண்டு இன்ஜின் உள்ள பெரிய பயணிகள் விமானத்தின் ஹைட்ராலிக்கை (இறக்கை, வால் பலகைகளை அசைக்கும் எண்ணெய் அழுத்த அமைப்பு) முழுக்க அணைத்துவிட்டு, இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை மட்டும் வைத்து வேலூர் அப்துல்லாபுரம் விமான நிலையத்தில் இறக்கப் பார்க்கிறோம். விமானம் அலை அலையாக ஏறி இறங்கி விழுந்துவிடுகிறது. எங்கே தவறு?

பதில்: முதலில் ஓடுதளத்தை மாற்றுங்கள். அப்துல்லாபுரம் சிறு விமானங்களுக்கானது. உங்கள் விமானம் ஃபிளாப் (மெதுவாகப் பறக்க உதவும் இறக்கைப் பலகை) இல்லாமல், வழக்கத்தைவிட மிக வேகமாக வந்து இறங்கும்; பிரேக்கையும் நம்ப முடியாது. பழைய வட ஆற்காட்டுக்குள்ளேயே வேண்டுமென்றால் அரக்கோணம் கடற்படைத் தளத்தின் ஓடுதளம் இருக்கிறது, சுமார் 4 கிலோமீட்டர் நீளம்.

சரி, அந்த அலைக்கு வருவோம். இதை ஃப்யூகாய்ட் என்பார்கள். விமானம் எந்த வேகத்துக்கு டிரிம் செய்யப்பட்டதோ (அதாவது, கை வைக்காமலே சமநிலையில் பறக்கும்படி அமைக்கப்பட்டதோ) அதைத் தேடிக்கொண்டே இருக்கும். வேகம் கூடினால் தானாக ஏறும், குறைந்தால் தானாக இறங்கும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். மூக்கு கீழே போய் வேகம் கூடும்போது திராட்டிலைக் குறைக்கத்தான் கை போகும். அதுதான் அலையைப் பெரிதாக்குகிறது. இன்ஜின் இறக்கைக்குக் கீழே இருப்பதால் உந்துவிசை கூடினால் மூக்கு எழும். அதனால் இறங்கும்போது கூட்டுங்கள், ஏறும்போது குறையுங்கள். இன்ஜின் உடனே பதில் சொல்லாது, சில விநாடி எடுக்கும். ஆகவே உச்சியில் மூக்கு சாயத் தொடங்கும்போதே கொஞ்சம் கூட்டிவிட வேண்டும். கொஞ்சம்தான், அள்ளிக் கொடுத்தால் அடுத்த அலை இன்னும் பெரிதாக வரும்.

திருப்புவது, டிராக்டரை ஒரு பக்கப் பிரேக்கால் திருப்புவது போல. இடது இன்ஜினைக் கூட்டினால் மூக்கு வலப்பக்கம் போகும், அப்புறம்தான் வலது இறக்கை சாயும். இங்கும் தாமதம் உண்டு. சாய்வு நீங்கள் நினைத்த அளவை எட்டும் முன்பே எதிர்ப்பக்கம் கொடுக்கத் தொடங்குங்கள்.

இது நிஜத்தில் நடந்தது. 1989 ஜூலை 19 அன்று யுனைடெட் 232, டிசி-10 விமானம், வால் இன்ஜின் வெடித்து மூன்று ஹைட்ராலிக்கையும் இழந்தது. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் குழுவினரோடு, பயணியாக வந்த, விமானிகளுக்குப் பயிற்சி தரும் விமானி டென்னிஸ் ஃபிட்ச் திராட்டிலைப் பிடித்தார். அமெரிக்காவின் சூ சிட்டியில் ஓடுதளத்தைத் தொடும் நேரத்தில் வலது இறக்கை சாய்ந்துவிட்டது. 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அந்த நிலையில் அத்தனை பேரைக் காப்பாற்றியது பெரிய சாதனை. 2003 நவம்பரில் பாக்தாத்தில் ஏவுகணை தாக்கி ஹைட்ராலிக்கை இழந்த டிஎச்எல் ஏ300 சரக்கு விமானத்தை, அதிலிருந்த மூவரும் உயிரோடு இறக்கினார்கள். சக்கரங்களை முன்கூட்டியே எடையாலேயே கீழே விழவிட்டதில் வேகம் குறைந்து விமானம் நிலைப்பட்டது. நீங்களும் சக்கரத்தைச் சீக்கிரமே இறக்குங்கள்.

பிராஜெக்டில் கையால் ஓட்டுவதோடு நிறுத்தாதீர்கள். நாசா 1995 ஆகஸ்டில் எம்டி-11 ஒன்றை இன்ஜின் விசையால் மட்டும் தரையிறக்கியது. விமானி வேண்டிய பாதைக் கோணத்தையும் (விமானம் ஏறும் அல்லது இறங்கும் கோணம்) திசையையும் சொல்வார், திராட்டிலைக் கணினி நகர்த்தும். மனிதக் கை இழக்கும் அந்தச் சில விநாடிகளைக் கணினி பிடித்துவிடும். உங்கள் நிரலிலும் பாதைக் கோணத்தை அளந்து, பிழைக்கு ஏற்ப இரண்டு இன்ஜினையும் சேர்த்து நகர்த்துங்கள். சாய்வுக்கு அவற்றின் வித்தியாசத்தை மட்டும் மாற்றுங்கள்.

கடைசிச் சில நூறு அடியில் வழக்கமான தரையிறக்கம் போல திராட்டிலைக் குறைத்துவிடாதீர்கள். குறைத்தால் மூக்கு விழும், தூக்க நேரம் இருக்காது. சக்கரம் தரையைத் தொடும்வரை விசை இருக்கட்டும்.