விடிகாலை 5 மணிக்கு பாங்காக்; படுக்கை கிடைப்பதோ பிற்பகல் 2 மணிக்கு!

கேள்வி: நானும் நண்பனும் முதன்முறையாக வெளிநாடு போகிறோம். விமானம் விடிகாலை 4.50க்கு பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கும். சிலோம் பகுதியில் ஒரு டார்மெட்ரியில் இரண்டு படுக்கைகள் எடுத்திருக்கிறோம். செக்-இன் பிற்பகல் 2 மணிக்குத்தான். காலையிலேயே படுக்கை கிடைக்க முந்தைய இரவுக்கும் பணம் கட்டிவிடலாமா? ஊருக்குள் எப்படிப் போவது? கையில் காசு குறைவு.
- வாசகர், திருநெல்வேலி

பதில்: முந்தைய இரவுக்குப் பணம் கட்ட வேண்டாம். வயதானவர்களோ குழந்தையோ உடன் வந்தால் கட்டச் சொல்லியிருப்பேன். நீங்கள் இருவரும் இளைஞர்கள், ஒரு காலைப் பொழுதைச் சமாளித்துவிடலாம். பைகளை மட்டும் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று விடுதிக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது அறையைப் பற்றி அல்ல, தூக்கத்தைப் பற்றி. பாங்காக் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி முன்னால். அங்கே 4.50 என்றால் உங்கள் உடம்புக்கு அது 3.20. சிக்கன உணர்வு காணாமல் போகும் வேளை அது. வெளியே வந்ததும் 'டாக்ஸி, டாக்ஸி' என்று அருகில் வருபவர் சொல்லும் தொகைக்குத் தலையாட்டிவிடுவோம். அதனால் இறங்கிய பிறகு என்ன செய்வது என்பதை எல்லாம் வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

முதல் வேலை, தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டை. போய்ச் சேர்வதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் இது இலவசம். கட்டணம் கேட்டால் அது வேறு யாரோ நடத்தும் தளம்.

குடியேற்ற வரிசை, பெட்டி எல்லாம் முடியவே 6 மணியை நெருங்கிவிடும். அதற்குள் ரயிலும் ஓடத் தொடங்கியிருக்கும். அடித்தளத்துக்கு இறங்கினால் ஏர்போர்ட் ரயில் லிங்க். கடைசி நிலையமான பாயா தாய் வரை 45 பாட் (தாய்லாந்து நாணயம்), சுமார் அரை மணி நேரம். அங்கிருந்து பிடிஎஸ் மேம்பால ரயிலில் சியாம் போய், சிலோம் தடத்துக்கு மாறி சாலா டேங்கில் இறங்குங்கள். 7 மணிக்கு மேல் அலுவலகக் கூட்டம் ஏறிவிடும், பெரிய பையோடு நிற்க இடம் இருக்காது. வழியில் எங்கும் நின்று நேரம் கடத்தாதீர்கள்.

டாக்ஸிதான் வேண்டும் என்றால் தரைத்தளத்தில் இயந்திரம் தரும் சீட்டை எடுத்து, அதில் குறித்த வண்டியில் ஏறுங்கள். மீட்டர் கட்டணத்துக்கு மேல் 50 பாட்டும் சுங்கச்சாவடிக் கட்டணமும் சேரும். எல்லாமாக 400 பாட்டைத் தாண்டும். சீட்டை ஓட்டுநரிடம் கொடுத்துவிட வேண்டாம். புகார் செய்ய அதுதான் ஆதாரம்.

ரூபாய் நோட்டாகக் கொண்டுபோனால் மாற்று விகிதம் மோசமாக இருக்கும். மடிப்பில்லாத 100 டாலர் நோட்டுகள் நல்லது. விமான நிலையத்தின் மேல்தள நாணய மாற்றுக் கவுண்டர்களைவிட, அடித்தள ரயில் நிலையத்தை ஒட்டிய சிறு கவுண்டர்களில் கூடுதலாகக் கிடைக்கும். தாய்லாந்து ஏடிஎம்கள் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிக்கும். அடிக்கடி சிறு தொகையாக எடுக்காதீர்கள். 'ரூபாயில் கணக்கிடவா?' என்று திரையில் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

பையை வைத்த பிறகு 2 மணி வரை? சாலா டேங்குக்குப் பக்கத்திலேயே லும்பினி பூங்கா, அதிகாலையிலேயே திறந்துவிடும். மர நிழலில் உட்காரலாம். சிலோம் சாலையிலேயே மாரியம்மன் கோவில் இருக்கிறது, 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. உள்ளூர்க்காரர்களிடம் 'வாட் கேக்' என்று கேட்டால் வழி காட்டுவார்கள். அறிமுகமில்லாத ஊரில் நம் கோபுரத்தைப் பார்க்கும்போது வரும் தெம்பு தனி.

பாங்காக்கின் புகழ்பெற்ற அரச அரண்மனையை மட்டும் அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். அதன் வாசலருகே 'இன்று மூடியிருக்கிறது, வேறு இடம் காட்டுகிறேன்' என்று சொல்லி டுக்டுக் ஆட்டோவில் ஏற்றி நகைக்கல் கடைக்குக் கொண்டுபோவது பழைய ஏமாற்று வேலை. தூக்கமில்லாத முகங்களைத்தான் அவர்கள் தேடுவார்கள். மறுநாள் காலை, நன்றாகத் தூங்கி எழுந்து போங்கள்.