வாடகை வீட்டில் ஓதம்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: படுக்கையறை மர அலமாரியைத் திறந்தாலே மக்கிய வாடை அடிக்கிறது. துணிகளில் புள்ளி விழுகிறது. சுவரில் கறையே இல்லை. வீட்டுக்காரர், "ஜன்னலைத் திறந்து வையுங்கள், போய்விடும்" என்கிறார். போகுமா?

ஈரம் அறைக் காற்றில் இருந்தால் போகும். சுவருக்குள் இருந்தால் போகாது. எது என்று தெரியாமல் இருவரும் வாதாடிப் பயனில்லை.

அலமாரியைக் காலி செய்து நகர்த்துங்கள். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத பெயின்ட் உப்பலும் பொரிவும் அப்போது நிழல் விழுந்து தெரியும். அலமாரியின் முதுகுப் பலகையையும் பாருங்கள். பெரும்பாலும் பூஞ்சை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பிறகு 30 செ.மீ. சதுரத்துக்கு அலுமினியத் தாளை வெட்டி, சுவரைத் துடைத்துவிட்டு, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். 48 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் நீர் பூத்திருந்தால், அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. ஜன்னலைத் திறப்பது, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே 5 முதல் 10 செ.மீ. இடைவெளி விடுவது, துணியை அறைக்குள் உலர்த்தாமல் இருப்பது எல்லாம் பலன் தரும். ஈரப்பதமானி வாங்கி வைத்து, 60 சதவீதத்துக்குக் கீழே நிற்கிறதா என்று பாருங்கள். தாளின் உட்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவரிலிருந்தே வருகிறது. அது வீட்டுக்காரர் பார்க்க வேண்டிய வேலை. இரண்டு பக்கமும் காய்ந்திருந்தால் சுவர் நல்ல சுவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மழைக்குப் பின் ஒருமுறை ஒட்டிப் பாருங்கள்.

கறை எங்கே இருக்கிறது என்பதும் துப்பு சொல்லும். தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை படர்ந்து, மேல் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது தரையிலிருந்து ஏறும் ஓதம். அந்த வெள்ளையைப் பலர் பூஞ்சை என்று பயப்படுகிறார்கள். ஒரு சொட்டு நீர் விடுங்கள்: உப்பானால் கரைந்துவிடும், பூஞ்சை கரையாது.

கேள்வி: குளியலறைக்கு மறுபக்கச் சுவர் எப்போதும் ஈரம். பிளம்பர் டைல்ஸ் முழுவதையும் பெயர்க்க வேண்டும் என்கிறார்.

பெயர்ப்பது கடைசி வேலை. நீர் மூன்று வழியில் வரலாம்: அழுத்தத்தில் ஓடும் குழாய், கழிவுக் குழாய், தரை மற்றும் டைல்ஸ் இணைப்பு. ஒவ்வொன்றாகச் சோதியுங்கள், ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்தால் எது என்று தெரியாது.

முதல் நாள், ஃபிளஷ் தொட்டி நிரம்பியதும் எல்லாக் குழாய்களையும் மூடி, மீட்டர் அளவைக் குறித்து, இரவு முழுக்க விடுங்கள். மீட்டர் இல்லையென்றால் மாடித் தொட்டிக்கு நீர் வரும் குழாயை அடைத்துவிட்டு நீர்மட்டத்தைக் குறியுங்கள். காலையில் அளவு மாறியிருந்தால் எங்கோ குழாய் கசிகிறது. மாறாவிட்டால் அடுத்ததாக, தரை வடிகாலைத் துணியும் பிளாஸ்டிக் உறையும் வைத்து அடைத்து, வாசல்படியைத் தாண்டாமல் 2 செ.மீ. நீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். கீழ் வீட்டாருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மறுபக்கம் ஈரம் கூடினால் தரை. கூடாமல், அடைப்பை எடுத்து நீரை வடித்த பிறகு கூடினால் கழிவுக் குழாய். எதிலும் மாற்றம் இல்லையென்றால் ஷவர் நீரைச் சுவர் டைல்ஸ் மேல் மட்டும் அடித்துப் பாருங்கள். டைல்ஸ் இடுக்குச் சாந்து உதிர்ந்ததுதான் காரணம் என்றால், அதைச் சுரண்டி மறுபடி நிரப்பினாலே போதும்.

கேள்வி: பிளீச்சிங் ஊற்றித் தேய்த்து, வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் தீராதா?

தீராது. பிளீச் சிமென்ட் பூச்சின் மேல்நிறத்தை வெளுக்கும். உள்ளே இறங்கிய பூஞ்சை தப்பிவிடும். கழிப்பறை ஆசிட்டோடு பிளீச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். உயிருக்கே ஆபத்து.

கசிவை நிறுத்திய பிறகு சோப்பு நீரே போதும். N95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஃபேனையும் ஏசியையும் அணைத்து, அறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறங்கள். முதலில் சோப்பு நீரைத் தெளித்து நனைத்துவிட்டுத்தான் துடைக்க வேண்டும். உலர்ந்தபடி தேய்த்தால் பூஞ்சைத்தூள் வீடெங்கும் பறக்கும். துடைத்த துணியை உறையில் கட்டி எறிந்துவிடுங்கள். தட்டினால் ‘டொக்’கென்று ஒலிக்கும் பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். ஊறி உப்பிய பிளைவுட்டை வைத்திருக்காதீர்கள். ஒரு சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தாலோ வீட்டில் ஆஸ்துமா நோயாளி இருந்தாலோ, ஆள் வைத்துச் செய்வதே நல்லது.

ஊறிய செங்கல் சுவர் காய, ஓர் அங்குலக் கனத்துக்குச் சுமார் ஒரு மாதம் ஆகும். பெயின்டர் அவசரப்படுத்துவார், கேட்காதீர்கள். ஈரச் சுவரில் பட்டி பார்த்தால் கொப்புளம் கிளம்பும். உள்பக்கம் மட்டும் நீர்புகாப் பூச்சு பூசினாலோ ஈரம் அதற்கு மேலே ஏறி வேறிடத்தில் வெளிவரும்.

கேள்வி: காலி செய்யும்போது பூஞ்சைக் கறைக்காக வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடிப்பாரோ?

பிடிக்கப் பார்ப்பார். குடியேறும் நாளிலேயே ஒவ்வொரு சுவரையும், அலமாரி வைக்கப்போகும் மூலை உட்பட, படம் எடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள். ஓதம் தெரிந்ததும் வாய்வார்த்தையோடு விடாமல், கறைக்கு அருகே அளவு நாடா வைத்த படத்தோடு தேதி போட்டு எழுதுங்கள். அலுமினியத் தாள் சோதனையின் படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.