எந்தக் கதைக்கு எது முக்கியம்? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, என் துப்பறியும் கதையில் இன்ஸ்பெக்டரின் கடன், அம்மாவின் நோய் என்று நிறைய எழுதியிருக்கிறேன். இழுவை என்கிறார்களே?

பதில்: கொலை செய்தது யார் என்ற ஆவலை முதல் பக்கத்தில் மூட்டிவிட்டீர்கள். வாசகர் அதன் பின்னால்தான் ஓடுவார். எந்தத் துப்பு எப்போது வெளிவருகிறது என்பதில்தான் இந்த வகைக் கதையின் உயிர் இருக்கிறது. துப்பறியும் கதைகள் எழுதிய ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929இல் பத்து விதிகள் வகுத்தார். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே தலைகாட்ட வேண்டும், துப்பறிபவர் கண்ட துப்பு உடனே வாசகர் கண்ணிலும் பட வேண்டும் என்பவை அவற்றில் இரண்டு. அம்மாவின் நோய் இருக்கட்டும். அவருடைய மருந்துச் சீட்டு ஒரு துப்பாக மாறட்டும்.

கேள்வி: பேய்க்கதையை ஜமீன் குடும்பத்தின் மூன்று தலைமுறை வரலாற்றோடு தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். முன்கதையை முதல் பக்கத்தில் கொட்டாதீர்கள். பேய்க்கதைக்கு முதலில் வீடு வேண்டும், இருட்டு வேண்டும்.

கேள்வி: அறிவியல் புனைகதைக்கு?

பதில்: ஒரே ஒரு மாற்றம், அதனால் மனிதர் வாழ்க்கை எப்படியெல்லாம் புரள்கிறது என்பது.

கேள்வி (செய்யாறிலிருந்து): சுற்றி வளைப்பானேன்? சஸ்பென்ஸ் இல்லாவிட்டால் எந்தக் கதையும் நிற்காது.

பதில்: செய்யாறில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லலாமா? தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை உங்கள் பக்கத்து ஊர். ‘கர்ண மோட்சம்’ கூத்து பார்க்க உட்காரும் எல்லோருக்கும் கர்ணன் சாவான் என்று தெரியும். ஆனாலும் அவன் போருக்குப் புறப்படும்போது மனைவி பொன்னுருவியோடு நடக்கும் தர்க்கத்தில் கூட்டம் அசையாது. அவள் அவன் பிறப்பைச் சொல்லி இழிக்கிறாள். இவன் திரும்பி வரமாட்டான் என்பது அவளைவிட நமக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவளுடைய ஒவ்வொரு சொல்லும் நம்மைச் சுடுகிறது. முடிவு தெரிந்திருப்பதே இங்கே பலம். பாட்டையும் அடவு என்னும் ஆட்ட அசைவையும் நீட்டி, அந்த ஒரு காட்சியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். துப்பறியும் கதையில் அப்படி நின்றால் கதை செத்துவிடும்.

கேள்வி (அவரே): அது பக்தி அக்கா. திரௌபதி அம்மன் திருவிழாவில் நேர்த்திக்கடனுக்காக உட்காருகிறார்கள்.

பதில்: பக்திக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. துரியோதனன் வீழ்வதைக் காட்டும் படுகளத்தன்று மண்ணில் செய்த பெரிய உருவத்தைச் சுற்றி நிற்பவர்களுக்கு அது சடங்குதான். ஆனால் அதே கர்ணன் கூத்தை நகரத்து அரங்கில் ஆடினாலும் ஆட்கள் கண் கலங்குகிறார்களே, அங்கே எந்த நேர்த்திக்கடன்?

கேள்வி: நாவலில் நிலத்தை எவ்வளவு வர்ணிக்கலாம்?

பதில்: தொல்காப்பியத்தைப் பாருங்கள். நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்குள்ள மரம், விலங்கு, தொழில் எல்லாம் கருப்பொருள். மாந்தரின் உணர்வு உரிப்பொருள். பாடலுக்குள் வரும்போது இவை மூன்றும் இதே வரிசையில் ஒன்றைவிட அடுத்தது சிறந்தது என்கிறது. ஆக, உரிப்பொருளே உச்சி. முல்லையின் கார்காலமும் மாலையும் தலைவி காத்திருப்பதற்காக வருகின்றன. உங்கள் நாவலில் வரும் மழைக்காக யார் காத்திருக்கிறார்கள்?

கேள்வி: சிறுகதையில் முன்கதையை எங்கே வைப்பது?

பதில்: முதல் பக்கத்தில் வைக்காதீர்கள். பேய்க்கதைக்குச் சொன்னதுதான்.

கேள்வி: காதல் கதையிலாவது முதல் பக்கத்தில் முன்கதை...

பதில்: கூடாது. மேலே இரண்டு பதில்கள் இருக்கின்றன, படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: நல்ல பதிப்பகம் சொல்லுங்கள்.

பதில்: அது என் துறை இல்லை. புத்தகம் போட்ட நண்பர்களிடம் விசாரியுங்கள்.

கேள்வி (செய்யாறிலிருந்து): சரி அக்கா, கூத்தில் சஸ்பென்ஸ் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். விடியும்வரை உட்கார வைப்பது எது?

பதில்: கர்ணன் எப்படிச் சாவான் என்பது தெரியும். அதற்குமுன் என்ன பேசுவான், எந்த ராகத்தில் பேசுவான், இன்றைக்கு ஆடுபவர் அதை எப்படித் தாங்குவார் என்பது தெரியாது. அடுத்த முறை கூத்தின் கோமாளியான கட்டியங்காரனைக் கவனியுங்கள். அழுகைக்கு நடுவே அவன் எந்த இடத்தில் சிரிக்க வைக்கிறான் என்று குறித்து அனுப்புங்கள், அதை வைத்துப் பேசுவோம்.