குடியை ஒரே நாளில் நிறுத்தலாமா?

கேள்வி: அண்ணன் பத்து வருடமாகத் தினமும் குடிக்கிறார். காலையில் கை நடுங்கும். கொஞ்சம் குடித்தால்தான் அடங்கும். அறையில் பூட்டிவைத்து ஒரேயடியாக நிறுத்திவிடலாம் என்கிறார் அப்பா. மருத்துவரிடம் போக எல்லோருக்கும் வெட்கம். என்ன செய்யலாம்?

பதில்: தயவுசெய்து பூட்டாதீர்கள். மது மூளையின் வேகத்தைக் குறைக்கும். தினமும் குடிப்பவரின் மூளை அதற்கு ஈடுகொடுக்கத் தன் வேகத்தைக் கூட்டிவைத்திருக்கும். மது சட்டென்று நின்றால், கூட்டிய வேகத்தை அடக்க ஆளில்லை. காலை நடுக்கம் அதன் முதல் அறிகுறி.

கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலேயே வியர்வையும் படபடப்பும் தொடங்கலாம். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரைதான் பெரிய ஆபத்து: காய்ச்சல், ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், சுவரில் பூச்சி ஊர்வதாகப் பதறுவது. ‘டெலிரியம் ட்ரெமென்ஸ்’ என்ற இந்த நிலையைப் பைத்தியம் என்று நினைத்துக் கட்டிப்போட்டு, சிகிச்சை கிடைக்காமலே உயிர் போவது உண்டு.

மருத்துவர் குளோர்டயஸெபாக்சைடு போன்ற மாத்திரையைக் கொடுத்து, சுமார் ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். முன்பு வலிப்பு வந்திருந்தாலோ கல்லீரல் கெட்டிருந்தாலோ மருத்துவமனையில் சேர்ப்பதே நல்லது. தையமின் (வைட்டமின் பி1) ஊசி பற்றியும் கேளுங்கள். அது குறைந்தால் நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், நினைவு நிரந்தரமாகப் போகலாம். தையமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் இது மோசமாகும். மருத்துவரைப் பார்க்கும்வரை தானாக நிறுத்தச் சொல்லாதீர்கள்.

வெட்கம் என்கிறீர்களே, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் சுமார் 40 கோடிப் பேருக்கு மதுப் பழக்கக் கோளாறு இருந்தது. அந்த ஆண்டு மதுவால் இறந்தவர்கள் 26 லட்சம். இது நோய், உங்கள் வீட்டு அவமானம் இல்லை.

கேள்வி: கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும் குடி மறப்பு மருந்து கொடுக்கலாமா?

பதில்: கூடாது. இப்படிக் கலப்பது பெரும்பாலும் டைசல்ஃபிராம். மது உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடை உடல் வெளியேற்ற விடாமல் இது தடுக்கும். மேலே குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். இதய நோய் உள்ளவர் இறக்கவும் கூடும். இந்த மருந்தை நிறுத்திய பிறகும் 14 நாள் வரை இந்த ஆபத்து உண்டு. மது கலந்த இருமல் மருந்தைக் குடித்தால்கூட இந்த ஆபத்து வரலாம். விஷயம் தெரியாதவர் எப்படி எச்சரிக்கையாக இருப்பார்? அவர் சம்மதித்து, கல்லீரல் பரிசோதனை செய்த பின்பே தர வேண்டிய மருந்து இது. குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என வேறு மருந்துகளும் உண்டு.

கேள்வி: நண்பன் தூக்க மாத்திரையோடு குடித்துவிட்டுப் பெரிதாகக் குறட்டை விடுகிறான். தூங்கட்டும் என்று விடலாமா?

பதில்: விடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் மூச்சு அடங்கும். வயிற்றில் உள்ள மது தூங்கிய பிறகும் ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். கொரகொரவென்ற குறட்டை மூச்சுக்குழல் அடைபடும் சத்தமாக இருக்கலாம். தட்டி எழுப்பியும் எழாவிட்டால், உதடு நீலமானால், நிமிடத்துக்கு 8 மூச்சுக்குக் கீழே போனால், உடனே ஆம்புலன்ஸ். வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மல்லாத்தினால் வாந்தி நுரையீரலுக்குள் போகும். காபி கொடுப்பதும் வாந்தி எடுக்கவைப்பதும் வேண்டாம். காலி மாத்திரை அட்டையை மருத்துவமனைக்கு எடுத்துப்போங்கள்.