டியர்ட்ரா என்ற பெயருக்குத் ‘துயரம்’ என்றுதான் அர்த்தமா?

கேள்வி: டியர்ட்ரா என்ற ஐரிஷ் பெண் பெயருக்குத் ‘துயரம்’ என்று அர்த்தம் போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் பெண் குழந்தைக்கு ஏன் வைக்கிறார்கள்? இந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதை என்ன?

துயரம் என்பது அந்தப் பெயரின் பொருள் இல்லை. கதையில் அவளுக்கு நேர்ந்ததைப் பெயரின் மேல் ஏற்றிவிட்டார்கள். பெயர்ப் பட்டியல் போடும் தளங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுவதால், எங்கே தேடினாலும் அதுவே வருகிறது. பெயரின் வேர் இன்னதுதான் என்று மொழியறிஞர்கள் முடிவாகச் சொன்னதில்லை. ஆனால் கதையிலேயே ஒரு தடயம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பழங்கதை இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அயர்லாந்தின் வடக்கே உள்ள அல்ஸ்டர் பகுதியின் வீரர்களையும் அரசர்களையும் பற்றி ஒரு பெரிய கதைத் தொகுதி உண்டு. அதில் வருபவள்தான் டியர்ட்ரா. கிடைப்பதிலேயே பழைய வடிவம் எட்டாம் அல்லது ஒன்பதாம் நூற்றாண்டில் உருவானது. நமக்கு அது 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘லெய்ன்ஸ்டர் நூல்’ என்ற கையெழுத்துப் பிரதி வழியாகக் கிடைத்திருக்கிறது.

அரசன் கொன்ஹோவரின் கதைசொல்லி ஃபெத்லிமித். அவன் வீட்டில் விருந்து நடக்கிறது. வீரர்கள் குடித்துக் களித்திருக்கிறார்கள். நிறைமாதக் கர்ப்பிணியான அவன் மனைவி எல்லோருக்கும் பரிமாறி முடித்துவிட்டுப் படுக்கப் போகிறாள். கூடத்தைக் கடக்கும்போது அவள் வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை வீடே அதிரும்படி அலறுகிறது. வீரர்கள் ஆயுதத்தோடு எழுந்து நிற்கிறார்கள். “உன் வயிற்றுக்குள் முழங்கும் இந்த வெறிபிடித்த ஓசை என்ன?” என்று ஃபெத்லிமித் பாட்டாகவே கேட்கிறான். ‘முழங்குகிறது’ என்பதற்கு அந்த வரியில் வரும் பழைய ஐரிஷ் வினைச்சொல், ‘டெர்த்ரெதர்’. அவள் பெயரின் பழைய வடிவம் ‘டெர்த்ரியு’. கதையை அமைத்தவர் இரண்டையும் வேண்டுமென்றே இணைக்கிறார். ஆக, கதையை வைத்துப் பொருள் சொல்வதென்றால் முழக்கம், அதிரும் குரல் என்றுதான் சொல்ல வேண்டும். துயரம் அதில் வரவே இல்லை.

சரி, கதைக்கு வருவோம். கத்பாத் என்னும் குறிசொல்லும் பூசாரி தாயின் வயிற்றில் கை வைத்துப் பார்க்கிறான். பெண் குழந்தை, பெயர் டியர்ட்ரா, பேரழகியாக வருவாள், அவளால் அல்ஸ்டரில் ரத்தம் ஓடும் என்கிறான். “கொன்றுவிடுங்கள்” என்கிறார்கள் வீரர்கள். கொன்ஹோவர் தடுக்கிறான், இரக்கத்தால் அல்ல. தனியாக வளர்த்து, வயதுக்கு வந்ததும் தானே மணந்துகொள்ளப் போவதாகச் சொல்கிறான். பிறக்கும் முன்பே அவளுடைய வாழ்க்கையை ஆண்கள் கூடி முடிவு செய்தாகிவிட்டது. யார் கண்ணிலும் படாத ஒரு தனி வளாகத்தில் அவள் வளர்கிறாள். வளர்ப்புத் தாய் தந்தையைத் தவிர லெவர்ஹம் என்ற ஒருத்தி மட்டும் அங்கே வந்து போகலாம். அவள் வசைபாடும் கவி. அவள் வாய்க்குப் பயந்து யாரும் அவளைத் தடுக்க முடியாது.

ஒரு பனிக்காலத்தில் வளர்ப்புத் தந்தை வாசலில் கன்று ஒன்றை உரிக்கிறார். பனியில் சிந்திய ரத்தத்தை ஒரு காகம் வந்து குடிக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த டியர்ட்ரா, “காகம் போன்ற முடி, ரத்தம் போன்ற கன்னம், பனி போன்ற உடல், இந்த மூன்று நிறமும் உள்ள ஒருவனை நான் விரும்புவேன்” என்கிறாள். அப்படி ஒருவன் பக்கத்திலேயே இருக்கிறான், உஷ்லியுவின் மகன் நீஷா என்று லெவர்ஹம் சொல்லிவிடுகிறாள்.

இதற்கடுத்த காட்சிதான் எனக்கு முக்கியம். நீஷா கோட்டை மதில் மேல் தனியாக நின்று பாடிக்கொண்டிருக்கிறான். அவன் பாட்டைக் கேட்டால் பசுக்கள் மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாகப் பால் கறக்குமாம். டியர்ட்ரா நழுவி வந்து, அவனைக் கவனிக்காதவள் போலக் கடந்து போகிறாள். “அழகான கிடாரி ஒன்று போகிறதே” என்கிறான் அவன். “காளைகள் இல்லாத ஊரில் கிடாரிகள் கொழுத்துத்தானே வளரும்” என்கிறாள் இவள். “உனக்குத்தான் இந்த நாட்டின் காளையான அரசன் இருக்கிறானே” என்று அவன் சொல்ல, “இரண்டு பேரில் உன்னைப் போன்ற இளங்காளையைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்” என்று பதில் வருகிறது. குறி சொன்னதை நினைத்து அவன் மறுக்கிறான். உடனே பாய்ந்து அவனுடைய இரண்டு காதுகளையும் பிடித்துக்கொள்கிறாள். “என்னை நீ கூட்டிப் போகாவிட்டால் இவை இரண்டும் அவமானத்தின் காதுகள், கேலியின் காதுகள்!” அந்தக் காலத்து வீரனுக்கு மானத்தின் மேல் கை வைத்தால் தப்ப வழியில்லை. அன்றிரவே நீஷாவும் அவன் இரு சகோதரர்களும் அவளோடு கிளம்பிவிடுகிறார்கள்.

பிற்காலத்து ஓவியங்களில் வரும் கண்ணீர் விடும் மென்மையான பெண்ணை இங்கே தேடினால் கிடைக்க மாட்டாள். தன் வாழ்க்கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டவள் இவள். இதை விட்டுவிட்டு ‘துயரம்’ என்று ஒரே சொல்லில் அவளை முடிப்பது எனக்கு உண்மையிலேயே மனம் ஒப்பாத விஷயம்.

மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அயர்லாந்தில் எங்கு போனாலும் கொன்ஹோவர் விடவில்லை. அதனால் கடல் கடந்து ஸ்காட்லாந்துக்குப் போகிறார்கள். அங்குள்ள அரசனும் அவள் மேல் கண் வைக்க, அங்கிருந்தும் ஓட வேண்டியதாகிறது. அப்புறம் கொன்ஹோவர் மன்னித்துவிட்டதாகச் செய்தி வருகிறது. ஃபெர்கஸ் என்ற பெருவீரன் பிணை நிற்கிறான். விருந்துக்கு அழைத்தால் மறுக்கக் கூடாது என்று ஃபெர்கஸுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அதைப் பயன்படுத்தி வழியிலேயே அவனை விருந்தில் நிறுத்திவிடுகிறார்கள். பாதுகாப்பில்லாமல் வந்து சேர்ந்த நீஷாவை, கொன்ஹோவரின் ஏவலில் ஓவன் என்ற சிற்றரசன் ஈட்டியால் குத்திக் கொல்கிறான். டியர்ட்ராவைக் கைகளைப் பின்னால் கட்டிக் கொண்டுவருகிறார்கள்.

தன் வாக்கைக் கொன்ஹோவர் பொய்யாக்கியதற்காக ஃபெர்கஸ் அல்ஸ்டரின் தலைநகரைக் கொளுத்திவிட்டு மூவாயிரம் பேரோடு எதிரி நாட்டுக்குப் போய்விடுகிறான். ‘தாய்ன்’ எனப்படும் ஆநிரை கவரும் போர்க் காவியத்தில் ஃபெர்கஸ் ஏன் எதிரணியில் இருக்கிறான் என்ற கேள்விக்கு டியர்ட்ராவின் கதைதான் பதில். அந்தக் காவியத்துக்கு முன்கதையாகவே இதைச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

கொன்ஹோவரிடம் ஓராண்டு இருந்தாள் டியர்ட்ரா. ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை, முழங்காலில் கவிழ்த்த தலையை நிமிர்த்தவில்லை. “நீ பார்ப்பவர்களில் யாரை மிகவும் வெறுக்கிறாய்?” என்று கேட்கிறான். “உன்னை, அப்புறம் ஓவனை.” “அப்படியானால் ஓவனோடு ஓராண்டு இரு” என்று அவளைத் தேரில் ஏற்றுகிறான். இரண்டு கிடாக்களுக்கு நடுவே நிற்கும் ஆடு போல விழிக்கிறாய் என்று கேலியும் செய்கிறான். எதிரே ஒரு பெரிய பாறை. தலையை அதில் மோதி உடைத்துக்கொண்டு இறந்துபோகிறாள். இந்த முடிவைப் புகழத்தக்க ஒன்றாக நான் சொல்லவில்லை, படிக்கப் படிக்க நெஞ்சு கனக்கும் இடம் அது. ஆனால் அந்த ஒரு வரிப் பதிலில் அவள் அரசனின் முகத்துக்கு நேராக உண்மையைச் சொல்லிவிடுகிறாள்.

பிறகு ‘துயரம்’ எப்படி ஒட்டிக்கொண்டது? சில நூற்றாண்டுகள் கழித்து இந்தக் கதை புதிதாகச் சொல்லப்பட்டது. அந்த வடிவத்தில் டியர்ட்ரா கெட்ட கனவுகள் கண்டு, ஊர் திரும்ப வேண்டாம் என்று எச்சரித்துக்கொண்டே வருகிறாள். யாரும் கேட்பதில்லை. காதைப் பிடித்து மிரட்டியவள் அங்கே புலம்பல் பாடல்கள் பாடுபவளாகிவிட்டாள். லிர்ரின் பிள்ளைகள், டுய்ரனின் பிள்ளைகள் ஆகிய கதைகளோடு சேர்த்து இதையும் ‘கதைமரபின் மூன்று துயரங்கள்’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். 1910இல் டப்ளின் ஆபி அரங்கில் மேடையேறிய, ஐரிஷ் நாடகாசிரியர் ஜே. எம். சிங்கின் நாடகத்தின் தலைப்பிலேயே ‘துயரங்களின் டியர்ட்ரா’ என்று இருந்தது. கவிஞர் யேட்ஸும் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அவளைப் பற்றி நாடகம் எழுதியிருந்தார்.

அந்த இலக்கிய மறுமலர்ச்சிக் காலத்துக்குப் பிறகுதான் இந்தப் பெயரைக் குழந்தைகளுக்குப் பரவலாக வைத்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் ஒதுங்கிப்போன மொழியையும் கதைகளையும் மீட்க வேண்டும் என்ற உணர்வு எங்கும் இருந்த நேரம். ஐரிஷ் பெயர் வைப்பது பெருமைக்குரிய ஒரு நிலைப்பாடு. அபசகுனம் என்று யாரும் தயங்கியதாகத் தெரியவில்லை. 1972இல் ஐரிஷ் கடற்படை தன் புதிய ரோந்துக் கப்பலுக்கும் டியர்ட்ரா என்றே பெயர் வைத்தது. கார்க் துறைமுகப் பகுதியில் கட்டிய அந்தக் கப்பல் 2001 வரை பணியில் இருந்தது.

கதை நடக்கும் தலைநகரான எவின் மாஹா இன்று நேவன் கோட்டை என்ற பெயரில் ஆர்மா நகருக்கு மேற்கே இருக்கிறது. போய்ப் பார்த்திருக்கிறேன். வட்டமான மண்கரைக்குள் புல் மூடிய ஒரு மேடு, அவ்வளவுதான். ஆனால் அந்த மேட்டுக்கு அடியில் 40 மீட்டர் அகலத்தில் மரத்தாலான ஒரு வட்டக் கட்டடம் இருந்ததை அகழாய்வில் கண்டுபிடித்தார்கள். நடுத்தூணின் மர வளையங்களை எண்ணிப் பார்த்ததில் அதை வெட்டியது கி.மு. 95 வாக்கில் என்று தெரிந்தது. கட்டி முடித்ததும் உள்ளே கற்களை நிரப்பி, தீ வைத்து, மேலே மண்ணைக் கொட்டி மூடியிருக்கிறார்கள். ஏதோ சடங்காக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அதைக் கதையின் நேரடிச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனாலும் ஃபெர்கஸ் தீ வைத்த பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேடுதான் நினைவுக்கு வருகிறது.

குழந்தைக்கு வைக்க நினைத்துக் கேட்டிருந்தால் தாராளமாக வையுங்கள். அயர்லாந்தில் ஆங்கிலம் பேசும்போது ‘டியர்ட்ரா’ என்பார்கள், ‘டியர்ட்ரி’ என்றும் சிலர் சொல்வதுண்டு. இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தப் பெயர் குறைவுதான், ஒரு தலைமுறை முந்தைய பெண்களிடையே அதிகம் கேட்கலாம்.